ஒரே காகிதப்பை, பல ஊடகங்கள்: தாவித் தாவி வரைவது பற்றி

கேள்வி, ஜனவரி 4

பொழுதுபோக்காகத்தான் வரைகிறேன். பென்சிலில் ஆரம்பித்தேன், வாட்டர்கலருக்குப் போனேன், அக்ரிலிக் வாங்கினேன், இப்போது டேப்லெட். எதுவும் கைவந்த மாதிரி இல்லை. வரையத் தெரிந்த ஒருவர், "ஒன்றைப் பிடித்து அதிலேயே நில். இப்படித் தாவினால் எதுவும் உருப்படாது. அதிலும் கம்ப்யூட்டரில் வரைந்து பழகினால் இருக்கிற கையும் கெட்டுவிடும்" என்கிறார். நிஜமாகவா?

பதில், ஜனவரி 4, இரவு

பாதி நிஜம். தாவுவதில் பிரச்சினை இல்லை, தாவும்போதெல்லாம் வரையும் பொருளையும் சேர்த்து மாற்றுகிறோம், அங்கேதான் இடிக்கிறது. பென்சிலில் ஒரு முகம், வாட்டர்கலரில் ஒரு மலை, டேப்லெட்டில் ஒரு கார்ட்டூன் பூனை என்று போனால், படம் சொதப்பியது பூனையாலா, டேப்லெட்டாலா, உங்களாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நான் செய்வது: ஒரே பொருள், ஒரே விளக்கு, ஒரே கோணம். ஊடகம், அதாவது பென்சிலா வண்ணமா டேப்லெட்டா என்பது, மட்டும் மாறும். என் பொருள் ஒரு கசங்கிய பழுப்புக் காகிதப்பை. அது வாடாது, அழுகாது, அசையாது, "என் மூக்கு இப்படியா இருக்கிறது" என்று கேட்காது. மடிப்புகளில் கத்தி மாதிரி கூரான ஓரம் இருக்கும், உப்பிய இடங்களில் வெளிச்சம் மெல்ல நிழலுக்குள் வழுக்கிப்போகும். நிறம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் கண் தானாக வெளிச்சத்தையும் இருட்டையும் பார்க்க ஆரம்பித்துவிடும்.

கை கெடுமா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஜனவரி 6

முதலில் பென்சிலையும் கரியையும் முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் பென்சிலில்தான் ஆரம்பிக்கிறோம். பென்சில் ஒரு கோட்டுக் கருவி. நிழலும் போடலாம்தான், ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. மிக மென்மையான 8பி பென்சிலை எடுத்து அழுத்தித் தேய்த்தாலும் முழுக் கறுப்பு வராது. கிராஃபைட் பளபளக்கும், சற்றே சாய்த்துப் பார்த்தால் இருட்டாக இருக்க வேண்டிய இடம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக மின்னும். நாம் இன்று பிடிக்கும் பென்சில் 1795-ல் கோன்டே கண்டுபிடித்த முறையில் வந்தது: கிராஃபைட் தூளோடு களிமண் சேர்த்துச் சுடுவது. களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. ஹெச், பி எல்லாம் அந்த விகிதத்தின் பேர்தான்.

கரிக்கு அந்தப் பளபளப்புப் பிரச்சினை இல்லை. பையைக் கரியில் வரையும்போது நான் கோடே போடுவதில்லை. தாள் முழுக்கக் கரியை அப்பி, துணியால் தேய்த்து, நடுத்தரச் சாம்பல் நிறமாக்கிவிட்டு, பிசைகிற ரப்பரை எடுத்து வெளிச்சங்களைத் துடைத்து எடுப்பேன். கரியில் ரப்பர்தான் பென்சில். மடிப்பின் முகட்டில் ரப்பரைக் கூராகப் பிசைந்து ஒரு இழுப்பு, உப்பிய இடத்தில் உருண்டையாக வைத்து ஒரு ஒத்தல். கடைசியில் அழுத்திய கரியால் ஆழமான நிழல்கள்.

டோன், அதாவது ஒரு இடம் எவ்வளவு வெளிச்சம் எவ்வளவு இருட்டு என்பது, எனக்கு விளங்கியது இதில்தான். இரண்டு வகைக் கரி உண்டு: குச்சியைச் சுட்டு எடுத்தது, தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது. முதல் வகை ஊதினாலே போகும், அழிக்க வசதி. இரண்டாவது அவ்வளவு எளிதில் அழியாது, அதனால் கடைசியில் மட்டும். முடித்ததும் கரி உதிராமல் பிடித்துக்கொள்ள ஃபிக்ஸேட்டிவ் அடிப்பீர்கள், அடித்ததும் படம் ஒரு படி இருண்டுவிடும். அதற்கு இடம் விட்டுத்தான் வரைய வேண்டும்.

ஜனவரி 9

சரி, கை கெடுமா? டேப்லெட் வாங்கிய முதல் வாரத்தில் எல்லோருக்கும் கெட்ட மாதிரிதான் இருக்கும், அதில் பாதிக் குற்றம் அமைப்பில் இருக்கும். திரையில்லாத டேப்லெட் என்றால் முதலில் அதன் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் கை வட்டம் போடும், திரையில் முட்டை விழும். நாம் நம்மைத் திட்டிக்கொண்டிருப்போம். டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பொருத்தும் தேர்வு இருக்கும்.

அடுத்து அழுத்த வளைவு: பேனாவை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்ற அமைப்பு. பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று போட்டிருப்பார்கள். அதைவிட முக்கியம், உங்கள் கையின் சாதாரண அழுத்தம் அந்த வளைவின் நடுவில் விழுகிறதா என்பது. எனக்கு விழவில்லை. எப்போதும் அழுத்தி எழுதுகிற கை. வளைவைக் கீழே இறக்கியதும் கோடு மெலிந்தது.

ஜனவரி 18

வாட்டர்கலர். இதில் நீண்டு போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாட்டர்கலர் என்பது நிறமித் தூளும் கருவேல இனத்துப் பிசினும். அவ்வளவுதான், மீதி எல்லாம் தண்ணீரும் தாளும். வண்ணத்தில் செலவழிக்கிறோம், தாளில் மிச்சம் பிடிக்கிறோம். தலைகீழாகச் செய்ய வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள், முடிந்தால் முழுப் பருத்தி. பருத்தித் தாளில் நார்களுக்குள் பசை ஏற்றியிருப்பார்கள், அதனால் நீர் உடனே உறிஞ்சப்படாமல் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஸ்கெட்ச் புத்தகத்தின் மெல்லிய தாளில் வாட்டர்கலர் போட்டு "எனக்கு இது வராது" என்று விட்டவர்கள் நிறையப் பேர். வராதது அந்தத் தாளுக்கு.

பையின் உப்பிய பகுதிக்கு முதலில் வெறும் நீர் தடவுவேன். தாள் கண்ணாடி மாதிரி மின்னும்போது வண்ணம் வைத்தால் கட்டுக்கடங்காமல் ஓடும். மின்னல் மங்கி, ஈரமான பட்டுத்துணியின் மெல்லிய பளபளப்புக்கு வரும்போது வைத்தால், நிழல் தானே மெல்லக் கரைந்து நிற்கும். பளபளப்பு முழுதும் போய், ஆனால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தான நேரம். அப்போது நீர் நிறைந்த தூரிகையை வைத்தால், புதிய நீர் பழைய நிறமியை வெளியே தள்ளி, நெளிநெளியான விளிம்போடு ஒரு பூ விரியும். ஓவியர்கள் காலிஃபிளவர் என்பார்கள். சிலர் வேண்டுமென்றே செய்வார்கள். நான் "வேண்டுமென்றே செய்தேன்" என்று பிறகு சொல்லிக்கொள்வேன்.

காய்ந்த தாளில் வைத்த வண்ணத்துக்கு ஓரத்தில் ஒரு கருத்த கோடு விழும், கவனித்திருப்பீர்கள். காபிக் கறையின் விளிம்பு கருத்திருக்கும் காரணமும் இதுவும் ஒன்றே. சொட்டின் ஓரம் தாளைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். அங்கே ஆவியாதல் அதிகம். இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும், போகும்போது துகளையும் அள்ளிக்கொண்டு போகும். 1997-ல்தான் இயற்பியலாளர்கள் இதை முறையாக விளக்கி எழுதினார்கள். மடிப்பின் கூரான ஓரங்களுக்கு இந்தக் கருங்கோடு இலவசமாகக் கிடைக்கும் வேலையாள்.

இன்னொன்று, டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் உள்ள அழகான பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பின்பக்கத்து நிறமிக் குறியீடு மாறாது. அல்ட்ராமரீன் என்றால் பிபி 29. அது தாளின் குழிகளில் துகள் துகளாகத் தங்கும். தாலோ நீலம் பிபி 15, அது நாருக்குள் ஏறிக் கறையாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு நீரால் எடுக்க முடியாது. பையின் நிழலுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரீனும் கலந்தால் போதும். கலவை காயும்போது இரண்டு துகள்களும் கொஞ்சம் பிரிந்து, சாம்பலுக்குள் நீலமும் துருவும் தனித்தனியாகத் தெரியும். கறுப்பு டியூபைத் திறக்கவே வேண்டாம்.

ஜனவரி 20

"24 வண்ணப் பெட்டி வாங்கலாமா?" வேண்டாம். ஒரு நீலம், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, மேலே சொன்ன பழுப்பு. நல்ல தரத்தில் நாலு டியூப். மாணவர் தரத்தில் நிறமி குறைவாகவும் நிரப்பி அதிகமாகவும் இருக்கும், எவ்வளவு போட்டாலும் வெளிறும். அலிஸரின் கிரிம்சன், பிஆர் 83, அதை மட்டும் தவிருங்கள், வெளிச்சத்தில் மங்கும். அதே பெயரில் மங்காத மாற்று நிறமிகள் கிடைக்கின்றன, மறுபடியும் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பிப்ரவரி 2

கவாஷ், அக்ரிலிக் இரண்டும் ஒரே இடத்தில், ஏனென்றால் அக்ரிலிக் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

அக்ரிலிக் பிளாஸ்டிக் குழம்பு. ஈரமாக இருக்கும்போது அந்தக் குழம்பு பால் மாதிரி வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும், அதனால் வண்ணம் ஒரு படி இருளும். காய்ந்தால் காய்ந்ததுதான், மேலே எத்தனை பூச்சு வேண்டுமானாலும் போடலாம். அந்தத் தைரியம் சிலருக்குப் பிடிக்கும். தூரிகையைக் கழுவ மறந்தால் தூரிகை போச்சு.

கவாஷ் வேறு. வாட்டர்கலரின் அதே பிசின்தான், நிறமி அதிகம், ஒளி ஊடுருவாது. காய்ந்த பிறகும் நீர் பட்டால் கரையும். காயும்போது ஒரு விளையாட்டு காட்டும்: வெளிர் நிறங்கள் கொஞ்சம் இருளும், இருண்ட நிறங்கள் கொஞ்சம் வெளிறும். எல்லாம் நடுவை நோக்கி நகரும். முதலில் ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவிட்டுப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

டேப்லெட்டிலிருந்து தாளுக்கு வர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது கவாஷ். டிஜிட்டல் செயலியைத் திறந்ததும் கிடைக்கும் சாதாரணத் தூரிகை இப்படித்தான் வேலை செய்கிறது: கீழே இருப்பதை மூடும், இருட்டுக்கு மேல் வெளிச்சம் வைக்கலாம், திருத்தலாம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளை, மூடிவிட்டால் போச்சு.

பிப்ரவரி 11

இப்போது டிஜிட்டல். நான் கிரிட்டா பயன்படுத்துகிறேன், இலவசம், வரைவதற்கென்றே செய்தது. நான் சொல்வது பெரும்பாலும் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். சுத்த மஞ்சள், அதன் மேல் பாதி ஒளிபுகும் சுத்த நீலம். பச்சை வராது. சாம்பல் வரும். திரை ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரையான மூன்று எண்களாக வைத்திருக்கிறது. மஞ்சள் 255, 255, 0. நீலம் 0, 0, 255. சராசரி எடுத்தால் மூன்றும் 128-ஐ ஒட்டி, அதாவது நடுச் சாம்பல். செயலி வண்ணம் கலக்கவில்லை, எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கிறது. உண்மையான வண்ணத்தில் ஒளி உள்ளே போய், ஒவ்வொரு துகளும் தனக்கு வேண்டிய அலைநீளத்தை விழுங்கி, சிதறி, மிச்சம் வெளியே வருகிறது. நீலமும் மஞ்சளும் இரண்டுமே அவ்வளவாக விழுங்காமல் விடுவது பச்சையைத்தான். குபெல்கா, முங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1931-லேயே இதற்குக் கணக்கு எழுதிவிட்டார்கள். அதை மூன்று எண் கொண்ட திரை வண்ணத்துக்குள் வேகமாக ஓடும்படி அடக்கிய மிக்ஸ்பாக்ஸ் என்ற முறை 2021-ல்தான் வந்தது. ரெபெல் செயலியின் புரோ பதிப்பில் அது இருக்கிறது.

இல்லாதவர்கள் என்ன செய்வது? ஒளிபுகும் தூரிகையால் கலக்குவதை நம்பாதீர்கள். இடைப்பட்ட நிறத்தை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். என் பையின் முதல் டிஜிட்டல் படத்தில், பழுப்பு வெளிச்சத்துக்கும் நீல நிழலுக்கும் இடையே மேகம் மூடிய மாதிரி ஒரு செத்த சாம்பல் பட்டை. காரணம் இதுதான்.

சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலும் இதே கதை, கூட ஒரு திருப்பம். நேராகச் சராசரி எடுத்தால் 128, 128, 0, ஒரு அழுக்கு ஆலிவ் நிறம். திரை எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லை, 1996-ல் வந்த எஸ்ஆர்ஜிபி தரத்தில் அவை வளைத்து எழுதப்பட்டிருக்கின்றன. ஒளியை ஒளியாகவே கலந்தால் 188, 188, 0 வரும், பளிச்சென்ற மஞ்சள் சாயலில். கிரிட்டாவில் நேர்கோட்டு ஒளிக் கணக்கில் வேலை செய்யும் வண்ணவெளியைத் தேர்ந்தெடுக்கலாம். கோப்பு பெரிதாகும்.

பிப்ரவரி 12

"நான் செய்து பார்த்தேன், எனக்குப் பச்சை வந்ததே." நீங்கள் எடுத்தது நீலம் இல்லை, சயான். 0, 255, 255. அதையும் மஞ்சளையும் சராசரி எடுத்தால் 128, 255, 128, வெளிர் பச்சை. கணக்கு கணக்காகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 25

நாலு பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கரி, வாட்டர்கலர், கவாஷ், டேப்லெட். முதல் மூன்றும் காகிதப்பை. நாலாவது பிளாஸ்டிக்.

டோன் சரியாக இருக்கிறதா என்று கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். சரிதான். கரிப்படத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. நிறமும் பிசகவில்லை. அப்புறம் ஒவ்வொரு ஓரமாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது தெரிந்தது. மேல் மடிப்பின் முகடு, உப்பிய பக்கம், பையின் நிழல் மேசையில் விழும் இடம், பையின் வாய், எல்லா ஓரங்களும் ஒரே அளவு மென்மை. ஒரே தூரிகை, ஒரே கடினத்தன்மை. நிஜத்தில் மேசை நிழல் பையைத் தொடும் இடத்தில் கூராக ஆரம்பித்து, விலக விலகக் கரையும். மடிப்பு ஒரு முனையில் கத்தி, மறுமுனையில் ஒன்றுமே இல்லை.

வாட்டர்கலரில் இந்த வேறுபாட்டை நான் யோசிக்கவே இல்லை. ஈரமான இடத்தில் கரைந்தது, காய்ந்த இடத்தில் நின்றது. நீர் எனக்காகச் செய்து கொடுத்தது. கரியில் துணியும் ரப்பரும் செய்தன. டேப்லெட்டில் யாரும் செய்து கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஓரத்துக்கும் நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. "டிஜிட்டல் படம் உயிரில்லாமல் இருக்கிறது" என்று பலர் சொல்வதில் பெரும்பங்கு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அதற்கு மேல் தாளின் சொரசொரப்பை ஒரு லேயராக, அதாவது படத்தின் மேல் தனி அடுக்காக, ஒட்டினால், சொரசொரப்பான பிளாஸ்டிக் கிடைக்கும்.

இப்போது மூன்றே தூரிகைகள்: கடினமானது ஒன்று, மென்மையானது ஒன்று, கிழிந்த ஓரம் உள்ளது ஒன்று. கூடத் தேய்க்கும் கருவி. முதலில் எல்லா வடிவங்களையும் கடின ஓரத்தில் போட்டு முடித்துவிட்டு, அப்புறம் ஓரங்களுக்கென்று தனியாக ஒரு சுற்று வருகிறேன்: இது நிற்கட்டும், இது கரையட்டும், இது காணாமலே போகட்டும்.

பிப்ரவரி 26

மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: பெரிதாக்கிப் பார்த்து வரைந்தால் ஓரம் எதுவும் தெரியாது. 400 சதவீதத்தில் எல்லாமே மென்மைதான். அதே படத்துக்கு இரண்டாவது ஜன்னல் ஒன்றைத் திறந்து, சின்னதாக ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரிட்டாவில் புதிய பார்வை என்று ஜன்னல் மெனுவில் இருக்கிறது. ஏ4 அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்ஸல். அதில் ஒரு மடிப்பை அரை மணி நேரம் நோண்டினால், அச்சில் அது ஒரு நகத்தின் அகலம்.

மார்ச் 3

கொஞ்சம் தடம் மாறுகிறேன். லேயர் இல்லாமல் எப்படி வரைவது என்று ஒருவர் பதறியிருக்கிறார். ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது. அதில் லேயர் வந்தது 1994-ல், மூன்றாம் பதிப்பில். பல படி பின்னால் போகும் வசதி 1998-ல், ஐந்தாம் பதிப்பில். அதுவரை ஒரு அன்டூ, அவ்வளவுதான். அதற்கு முன்னால் மேகின்டோஷோடு 1984-ல் வந்த மேக்பெயின்டில் கறுப்பும் வெள்ளையும் மட்டும், சாம்பலே கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் புள்ளிகளைக் கலைத்து வைக்க வேண்டும். அதிலும் மக்கள் அற்புதமாக வரைந்தார்கள்.

இதை வைத்து ஒரு பயிற்சி: ஒரே லேயர், அமைப்பில் அன்டூ எண்ணிக்கையை ஒன்றாக்கிவிடுங்கள். கவாஷ் போல மேலே மேலே வைத்துத் திருத்துங்கள். முதல் பத்து நிமிடம் கை தானாகக் கன்ட்ரோல்-இசட்டைத் தேடும். அப்புறம் அடங்கும். நான் இப்படி வரைந்த பைதான் டிஜிட்டலில் எனக்குப் பிடித்தது, ஓரங்கள் பிறகு தனிச் சுற்று வராமலே பாதி சரியாக விழுந்தன. மூடித் திருத்தும்போது பழைய ஓரத்தில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும், அதை விட்டுவிட்டேன்.

மார்ச் 15

மையும் டேப்லெட்டும் கலப்பது. தாளில் மையால் கோடு, ஸ்கேன், நிறம் கணினியில். நீர் பட்டால் கலையாத மை வேண்டும். இந்தியன் இங்க் என்று விற்பதில் அரக்கு இருக்கும், தொட்டு எழுதும் நிப்புக்குச் சரி, ஃபவுன்டன் பேனாவில் ஊற்றினால் பேனா அடைத்துக்கொள்ளும். பேனாவுக்கென்றே நிறமி மைகள் தனியாக உண்டு.

ஸ்கேன் செய்ததும் தாளின் வெள்ளையையும் மையின் கறுப்பையும் லெவல்ஸ் என்ற வெளிச்ச அளவுக் கருவியில் இழுத்துவிட்டு, கோட்டு லேயரை மல்டிப்ளை முறையில் வையுங்கள். பெயர் சொல்வதுதான், பெருக்கல். வெள்ளை என்றால் 1, எதை 1-ஆல் பெருக்கினாலும் அதுவே, அதனால் வெள்ளை மறைந்து கீழே உள்ள நிறம் தெரியும். கறுப்பு 0, அது கறுப்பாகவே நிற்கும். வெட்டி எடுக்கும் வேலையே இல்லை.

வாட்டர்கலரின் மிக வெளிர் பூச்சுகளை ஸ்கேனர் விழுங்கிவிடும். அவற்றைக் கேமராவில் எடுக்கிறேன், ஜன்னலோரம், நேர் வெயில் படாமல், படத்துக்கு நேர் மேலிருந்து. கிராஃபைட் என்றால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், இல்லாவிட்டால் அந்தப் பளபளப்பு மறுபடி வந்து நிற்கும்.

மார்ச் 29

சயனோடைப். கணினியில் வரைந்ததை வெயிலில் அச்சிடுவது. எனக்கு இப்போது இதுதான் பைத்தியம்.

ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் பதித்துப் புத்தகமாக வெளியிட ஆரம்பித்துவிட்டார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்து, பூசுவதற்கு முன் சம அளவு கலந்து, மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் தாளில் தடவி, இருட்டில் காயவிட வேண்டும். கையுறை போடுங்கள். அமிலத்தின் பக்கத்திலும் அடுப்பின் பக்கத்திலும் ஃபெர்ரிசயனைடைக் கொண்டுபோகாதீர்கள், கடும் அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

டிஜிட்டல் படத்தை நிறம் தலைகீழாக்கி, ஒளி ஊடுருவும் ஃபிலிமில் அச்சிட்டால் நெகட்டிவ் தயார். தாள் மேல் வைத்து, கண்ணாடியால் அமுக்கி, வெயிலில் வையுங்கள். மஞ்சள் பச்சையாக இருந்த பூச்சு நீலமாகி, அதையும் தாண்டி ஒரு வெண்கலச் சாம்பலுக்குப் போகும். "கெட்டுவிட்டது" என்று தோன்றும்வரை விடுங்கள். உள்ளே கொண்டுவந்து நீரில் அலசினால் மஞ்சள் வழிந்தோடி நீலம் வெளியே வரும், காயக் காய ஆழமாகும்.

வந்த நீலம் பிரஷ்யன் நீலம். டியூபில் பிபி 27 என்று போட்டு விற்பதும் இதே பொருள்தான். அதே பழக்கமும் உண்டு: வெளிச்சத்தில் மங்கும், இருட்டில் வைத்தால் பெருமளவு திரும்பி வரும். காரம் ஆகாது, சோப்பு நீர் பட்டால் வெளுக்கும். கால்சியம் கார்பனேட் சேர்த்த தாளும் இதே காரணத்தால் தகராறு செய்யும், நல்ல வாட்டர்கலர் தாள்கள் பலவற்றில் அது இருக்கிறது. ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 2

"என் சயனோடைப் மசமசவென்று வருகிறது." ஃபிலிம் தாளோடு ஒட்டவில்லை. இடைவெளியில் ஒளி பக்கவாட்டில் நுழைந்து எல்லா ஓரங்களையும் கரைக்கிறது. கனமான கண்ணாடி, நாலு பக்கமும் கிளிப். நான் ஒரு முறை வேண்டுமென்றே ஒரு மூலையில் மட்டும் ஃபிலிமைத் தூக்கிவிட்டேன், பையின் நிழல் அங்கே கரைந்து, மடிப்பு மட்டும் கூராக நின்றது. டேப்லெட்டில் சுற்றுச் சுற்றாக உட்கார்ந்து செய்ததை இங்கே ஒரு துண்டு அட்டை செய்தது. (இதை நிஜமாகவே வேண்டுமென்றே செய்தேன். காலிஃபிளவர் இல்லை.)

நடு டோன்கள் எல்லாம் ஒரேயடியாக நீலமாகிவிட்டால் நெகட்டிவின் வளைவைத் திருத்த வேண்டும். வெள்ளையிலிருந்து கறுப்புவரை படிப்படியாக ஒரு பட்டை வரைந்து, அதை முதலில் அச்சிட்டு, எந்தப் படிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று பார்த்து, அங்கே வளைவை இழுங்கள்.

ஏப்ரல் 20

நிரல் எழுதிப் படம் வரைவதையும் தொட்டுப் பார்த்தேன். பி5 என்ற இலவசக் கருவி, உலாவியிலேயே ஓடும். 2001-ல் வந்த பிராசஸிங் என்ற, நிரலால் படம் வரையும் கருவியின் வழித்தோன்றல். பையை வெறும் செங்குத்துக் கோடுகளால் வரையச் சொன்னேன்: இருண்ட இடத்தில் நெருக்கமாக, வெளிச்சத்தில் தள்ளி. வேலை செய்தது. பார்த்ததும் அலுத்தது.

கணினி ஓவியத்தின் முன்னோடியான வேரா மோல்னார் 1968-ல் கணினிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, விதி ஒன்றை எழுதிக்கொண்டு கையாலேயே அதைப் படிப்படியாக வரைந்தார். கற்பனை இயந்திரம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அதே விதியை நானும் பேனாவால் கையால் செய்தேன். நேரம் எடுத்தது, ஆனால் முடிக்கும்போது எந்த இடத்தில் விதியை மீற ஆசை வந்தது என்று தெரிந்தது, அதைத் திரும்ப நிரலில் எழுதினேன். இரண்டாவது அவ்வளவு அலுக்கவில்லை. ஆனாலும் இது என் பாதை இல்லை, கணக்குப் பிடித்தவர்கள் போங்கள்.

மே 1

"எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் ஏஐ?" முயன்றேன். கசங்கிய பை கேட்டேன், என்னுடையதைவிட நன்றாகவே வந்தது. எனக்குப் பொழுது போகவில்லை.

மே 9

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து ஒரு பழைய ஷூவை மூன்று ஊடகத்தில் வரைந்து போட்டிருக்கிறார். வாட்டர்கலர் வரவில்லை என்று வருத்தப்படுகிறார். எனக்கு மூன்றில் அதுதான் பிடித்தது. ஷூவின் நாக்கு நிழலுக்குள் போகும் இடத்தைப் பாருங்கள், ஓரமே இல்லை, ஆனாலும் அங்கே தோல் இருக்கிறது என்று தெரிகிறது. டேப்லெட் படத்தில் அதே இடத்தில் ஒரு கோடு போட்டு அடைத்திருக்கிறீர்கள்.

ஜனவரியில் "பாதி நிஜம்" என்றேன், எந்தப் பாதி என்று சொல்லவில்லை. ஒரு சுற்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வந்த பிறகு, உங்களிடம் "ஒன்றில் நில்" என்றவர் சொல்வது சரி. வாட்டர்கலரில் அந்தப் பட்டுப் பளபளப்பு எந்த நொடியில் வரும் என்பதை எப்போதாவது எட்டிப்பார்ப்பவனால் பிடிக்க முடியாது, தாளும் வெயிலும் காற்றும் மாற மாற அதுவும் மாறும், தொடர்ந்து உட்கார வேண்டும். நான் இரண்டு மாதம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது முதல் சில தாள்கள் வெறும் பூந்தோட்டம். ஆனால் சுற்றே வராமல் முதல் நாளே ஒன்றில் உட்கார்ந்திருந்தால், ஓரம் என்று ஒன்று இருப்பதையே நான் கவனித்திருக்க மாட்டேன், நீர் செய்ததையெல்லாம் நான் செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கு எதில் உட்காருவது என்றால்: வாட்டர்கலர். ஷூவே போதும், வேறு பொருள் தேடாதீர்கள்.

மே 10

கவாஷ் டியூப் கல்லாகிவிட்டது என்று கேட்டவருக்கு: டியூபை நீளவாக்கில் வெட்டித் திறந்து, கட்டியை எடுத்து, சின்ன டப்பாவில் போட்டு, சில சொட்டு நீர் விட்டு ஒரு இரவு மூடி வையுங்கள். வாட்டர்கலர் கட்டி போலப் பயன்படும், கெட்டியான பூச்சுக்கு மட்டும் சரிப்படாது. டியூபில் அக்ரிலிக் கவாஷ் என்று போட்டிருந்தால் மெனக்கெட வேண்டாம், கரையாது, தூக்கிப் போடுங்கள்.